மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து என்னை நடக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள ஊர் மக்களுக்கு,

நார்வே போய் வந்ததிலிருந்து சந்தையிலும் கோயிலிலும் கிளினிக் வரிசையிலும் ஒரே கேள்விதான்: "டீச்சர், அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தீங்களா?" இல்லை. நான் போனது ஜூனில். அங்கே வடக்கே துரோம்சோ நகரில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறைவதே கிடையாது. நட்சத்திரமே தெரியாத வானத்தில் வடதுருவ ஒளி மட்டும் எப்படித் தெரியும்? நான் போனது நடக்க. ஆசை தீர நடந்தேன். அதற்குக் காரணமானவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில், தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மேற்பார்வையாளர், நம் மண்டோர் ஐயா. வேலையை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் கூப்பிட்ட அதே குரலில் விடியுமுன் என் வாசலில் நின்று கூப்பிடுவார். செம்பனைக் காட்டுக்குள் ஏற்றமாகப் பார்த்துத்தான் கூட்டிப் போவார். மூச்சு வாங்கினாலும் உட்கார விடமாட்டார். "நின்னுக்கிட்டே மூச்சு விடுங்க டீச்சர், உட்கார்ந்தா அப்புறம் கால் எழும்பாது."

அது எங்கே உதவியது என்று சொல்லவேண்டும். துரோம்சோ ஒரு தீவில் இருக்கிறது. 1960இல் திறந்த பாலம் 1036 மீட்டர் நீளம். ஓரத்தில் நடைபாதை உண்டு. காற்றைத் தாங்கிக்கொண்டு அதைக் கடந்தால் எதிர்க்கரையில் முக்கோண வடிவில் வெள்ளைத் தேவாலயம், 1965இல் கட்டியது. அதற்கும் அப்பால் மலையடிவாரம். 421 மீட்டர் உயரத்துக்கு கேபிள் கார் நாலு நிமிடத்தில் போய்விடும். ஆனால் நேபாளத்து ஷெர்பாக்கள் வந்து கல் கல்லாக அடுக்கிய படிகளும் இருக்கின்றன, சுமார் 1200. பத்துமலையில் 272தான். அதை நாலு தடவைக்கு மேல் தொடர்ந்து ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், நிழல்கூட இல்லாமல். உட்காராமல் ஏறினேன், ஐயா. மேலே போனால் தீவு முழுவதும் கீழே தெரிகிறது. மேற்கே குவாலோயா தீவின் மலைகளில் ஜூனிலும் பனி. இரவு பதினொரு மணிக்கு வெயில் முகத்தில் அடிக்கிறது!

தோட்டத்து கேட்டைத் தினமும் திறந்துவிட்ட நேபாளத்துக் காவலாளி, ஜாகா தம்பிக்கு, அந்தப் படிகளின் படத்தைக் காட்டினேன். போனை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்து, "சம்பளம் எவ்வளவு கொடுத்தாங்களாம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

கேட் என்றதும், மேனேஜரிடம் பேசி தோட்டத்துக்குள் நடக்க எனக்கு அனுமதி வாங்கித் தந்த ஆபீஸ் எழுத்தர் கிராணி ஐயாவை மறக்கக் கூடாது. நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில். துரை பங்களா பாதையில் போனால் பள்ளிக்கூடம் கிட்டத்தான், ஆனாலும் நாங்கள் அதில் கால் வைக்க முடியாது, சுற்றித்தான் போவோம். நார்வேயில் 1957இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். காடும் மலையும் யார் பெயரில் இருந்தாலும் எவரும் நடந்து போகலாம். வீட்டு முற்றத்தையும் பயிர் நிலத்தையும் மிதிக்காமல் இருந்தால் சரி. தீவின் நடுவில் பிர்ச் மரக்காட்டுக்குள் பிரெஸ்ட்வான் ஏரிக்கு நடந்தபோது யாராவது வந்து விரட்டுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. ஏரியில் பறவைகள் கூடு கட்டியிருந்தன, அவற்றைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும். இதை மண்டோர் ஐயாவிடம் சொன்னபோது, "அப்ப வேலி எதுக்கு?" என்றார். "ஆட்டுக்கு" என்றேன். வெகுநேரம் சிரித்தார்.

பழைய துணி விற்கும் பண்டல் கடை பாய்க்குத் தனி நன்றி. எல்லோரும் பனிக்கு என்று தடித்த கோட்டைக் காட்ட, அவர்தான் மழையும் காற்றும் புகாத மெல்லிய ஜாக்கெட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வெப்ப நீரோட்டம் தொட்டுப் போகும் கடற்கரை அது. ஜூலையில் பகலில் 15 டிகிரிகூட இருக்கும். தொல்லை கொடுப்பது தூறலும் காற்றும்தான்.

அங்கே என்னைத் தங்க வைத்த ஈழத்துக் குடும்பத்துக்கு என்ன சொல்வது! அந்த அண்ணன் முதலில் நார்வேயின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். சாலையோரம் ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்து நிற்கும் ஒரு செடி உண்டு, துரோம்சோ பனை என்பார்கள், பனையே இல்லை. அதன் பால் பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். "அன்ரி, அதில கை வைக்காதேங்கோ" என்று ஒவ்வொரு காலையும் சொல்லித்தான் அனுப்புவார்கள். கையில் புட்டும் மீன் குழம்பும். வெளிச்சத்தில் தூக்கம் வராதே என்று ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டதும் அவர்கள்தான்.

வீட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மலாய் அம்மா மக் சிக்குக்கும், காலணி அடியைத் தைத்துக் கொடுத்துக் காசு வாங்க மறுத்த சீனப் பெரியவர் அப்பெக்குக்கும் நன்றி.

ஜாக்கெட்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். குளிர்காலத்துக்கு அது தாங்காது. பாயிடம் கனமானதாகக் கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட்