காஸலிலிருந்து அப்பாவுக்கு

காஸல், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமா? அம்மாவிடம் முழங்கால் மாத்திரையை நடுவில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். வலி குறைந்த மறுநாளே நிறுத்திவிடுவது அவர் பழக்கம்.

போனில் பேசும்போது, "லீவு நாள்ல அங்க என்னதாம்மா செய்வே?" என்று கேட்டீர்கள். கண்காட்சிக்குப் போவேன் என்றதும், "அதெல்லாம் படிச்ச பெரிய மனுஷங்க சமாச்சாரம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டீர்கள். எனக்கு அதை அப்படியே விட மனமில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை.

காஸல் சின்ன ஊர். மக்கள்தொகை இரண்டு லட்சம்தான் இருக்கும். 1943 அக்டோபரில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி எரிந்து, ஏறத்தாழ பத்தாயிரம் பேர் செத்துப்போனார்கள். அதற்கு முன்பே, 1937-இல், ஹிட்லரின் ஆட்கள் தங்களுக்குப் பிடிக்காத ஓவியங்களையெல்லாம் மியூனிக்கில் மாட்டிவைத்து, "சீரழிந்த கலை" என்று ஊரைக் கூட்டிச் சிரிக்கவைத்தார்கள். போர் முடிந்த பிறகு, நாஜிகள் வேலையைப் பறித்திருந்த ஆர்னோல்ட் போடே என்ற ஓவிய ஆசிரியர், 1955-இல் பாதி இடிந்து கிடந்த ஒரு பழைய அருங்காட்சியகத்தில் அதே கலைஞர்களின் படங்களைக் கொண்டுவந்து மாட்டினார். டாக்குமென்டா என்ற இந்த ஊர்க் கலைக் கண்காட்சி அப்படித்தான் தொடங்கியது. இப்போது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நூறு நாள் நடக்கிறது. அந்த நூறு நாளும் டிராம், பூங்கா, பழைய தொழிற்சாலை என்று எங்கே திரும்பினாலும் கலை பற்றிய வாக்குவாதம்தான்.

நான் வந்த பிறகு நடந்தது 2022-இல். ஜகார்த்தாவைச் சேர்ந்த ருவாங்ருபா என்ற கலைஞர் குழுவிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். ஊர்ப் பொது நெற்களஞ்சியம் போல, வந்த பணத்தையும் இடத்தையும் எல்லாக் கலைஞர்களும் பகிர்ந்துகொள்வது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு குழு கண்காட்சிக் கூடத்துக்குப் பக்கத்திலேயே மூங்கில் கொட்டகை போட்டு அடுப்பு மூட்டியது. பல நாட்டார் அங்கே சமைத்தார்கள், பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடுகு தாளிக்கும் வாசனை வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த ஆண்டு பெரிய காயமும் ஏற்பட்டது. நகரின் பெரிய மைதானத்தில் இந்தோனேசியக் குழு ஒன்று தூக்கிக் கட்டிய பிரம்மாண்டமான பேனரில் யூதர்களை இழிவுபடுத்தும் உருவங்கள் இருந்தன. முதலில் கறுப்புத் துணியால் மூடினார்கள், பிறகு இறக்கிவிட்டார்கள். இறக்கியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தோனேசியாவின் சர்வாதிகாரி சுஹார்த்தோ ஆட்சியின் கொடுமையைச் சொல்ல வந்த படம் இன்னொரு மக்களை இழிவு செய்துவிட்டு அதை நியாயப்படுத்த முடியாது. அதுவும் இந்த நாட்டில். தவறே செய்யாத எத்தனையோ கலைஞர்களின் உழைப்பு அந்தச் சண்டையில் மறைந்துபோனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா, நான் வேலைக்குப் போகும் டிராம் ஹொலென்டிஷ ஷ்ட்ராஸ என்ற தெரு வழியாகப் போகிறது. துருக்கிக்காரர்களின் கடைகள் நிறைந்த தெரு. அங்கே ஒரு இன்டர்நெட் கடை இருந்தது. 2006 ஏப்ரல் 6 அன்று, அந்தக் கடையில் இருந்த ஹலித் யோஸ்காட் என்ற 21 வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றார்கள். நாஜிக் கும்பல் ஒன்று குடியேறிகளைக் குறிவைத்துச் செய்த ஒன்பது கொலைகளில் அது கடைசி. 2011-இல் அந்தக் கும்பல் வெளியே தெரியும்வரை, போலீஸ் செத்தவர்களின் குடும்பங்களையே சந்தேகப்பட்டது. கொலை நடந்த நேரத்தையொட்டி மாநில உளவுத்துறை அதிகாரி ஒருவர் அந்தக் கடையில் இருந்திருக்கிறார். எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை என்றார். அவர் மீதான விசாரணை கைவிடப்பட்டது.

லண்டனில் இயங்கும் ஃபொரென்சிக் ஆர்கிடெக்சர் என்ற ஆய்வுக் குழு அந்தக் கடையை அதே அளவில், 77 சதுர மீட்டருக்கு, திரும்பக் கட்டியது. துப்பாக்கிச் சத்தம் எங்கே வரை கேட்கும், அந்த அதிகாரி அளவு உயரமான மனிதர் கல்லாவைக் கடந்து போகும்போது எது கண்ணில் படும் என்று, கொலை நேரத்தையொட்டிய 9 நிமிடம் 26 வினாடியை அங்குலம் அங்குலமாகச் சோதித்தது. அதிகாரி சொன்னது நம்பத் தகுந்ததல்ல என்பது அவர்கள் முடிவு. அந்த வீடியோவை 2017 டாக்குமென்டாவில் காட்டினார்கள். ஒரு கொலையின் சாட்சியத்தை, அது நடந்த ஊரிலேயே, அந்த ஊர்க்காரர்களுக்கு நடுவில் வைத்தார்கள், அப்பா. நான் பிறகுதான் அதைப் பார்த்தேன். அதிலிருந்து அந்த நிறுத்தத்தைத் தாண்டும்போதெல்லாம் கையில் இருக்கும் போனை உள்ளே வைத்துவிட்டு வெளியே பார்ப்பேன். அருகில் ஒரு சதுக்கத்துக்கு ஹலித் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் அப்பா கேட்டது அந்தத் தெருவுக்கே மகன் பெயர். அது கிடைக்கவில்லை.

அதே 2017-இல் நைஜீரியாவில் பிறந்த ஓலு ஓகிபே என்ற கலைஞர், 16 மீட்டர் உயரக் கான்கிரீட் தூண் ஒன்றை நகரின் நடுச் சதுக்கத்தில் நிறுத்தினார். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் அம்மாவுக்கு மனப்பாடமான வசனம், "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்", அதில் ஜெர்மன், ஆங்கிலம், துருக்கி, அரபி என நான்கு மொழியில் பொன்னெழுத்தில் இருக்கிறது. நகர்மன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியது. 2018 அக்டோபர் 3 அன்று, ஜெர்மனி ஒன்றிணைந்த நாளைக் கொண்டாடும் விடுமுறையில், தூணைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். மக்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு தெருவில் அது திரும்ப எழுந்தது. நான் வந்த புதிதில், விசா அலுவலகத்தில் காத்து நின்று வந்த ஒரு நாள் அதன் அடியில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போது உங்களுக்காகவே வைத்திருக்கும் விஷயம். இங்குள்ள நூலகத்தில் ஆலன் செகூலா என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரின் 'ஃபிஷ் ஸ்டோரி' என்ற புத்தகம் கிடைத்தது. 2002 டாக்குமென்டாவில் வைத்த படங்கள். 1989-லிருந்து சில ஆண்டுகள் துறைமுகம் துறைமுகமாகப் போய் எடுத்திருக்கிறார்: லாஸ் ஏஞ்சலஸ், ராட்டர்டாம், போலந்தின் க்தான்ஸ்க், கொரியாவின் உல்சான். கன்டெய்னர், கிரேன், மூடிய கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் விட்டுப்போன கூண்டு. பெட்டி மூடியிருப்பதால் உலக வியாபாரத்தில் யார் கை உழைக்கிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை என்பதைத்தான் பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிறார். புரட்டும்போது உங்கள் குரல்தான் காதில் கேட்டது. தாத்தா ஹார்பர் தொழிலாளர் கேங்கில் மூட்டை தூக்கியது, 1983-இல் நம் ஹார்பரில் கன்டெய்னர் முனையம் வந்ததும் கேங்குக்கு வேலை சுருங்கியது, நீங்கள் கிரேன் மேலே ஏறி உட்கார்ந்தது. அந்தப் புத்தகத்தில் மெட்ராஸ் இல்லை. நம் வீட்டில் ஹார்பரைப் பற்றி இருப்பது உங்கள் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்.

பெரிய மனுஷங்க சமாச்சாரம் என்கிறீர்களே, மே தினத்துக்கு நீங்கள் தோழர்களோடு போய் மாலை போடும் உழைப்பாளர் சிலை யாருடைய சமாச்சாரம்? ஓவியப் பள்ளி முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் கடற்கரையில் நின்றது. சிங்காரவேலர் 1923-இல் மே தினம் கொண்டாடிய அதே மெரினா. அதைப் பார்க்க யாரும் டிக்கெட் கேட்டதில்லை. 2016-இல் முதல் சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்படக் கண்காட்சி நடந்தபோது, திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் படங்கள் வைத்திருந்தார்கள். டிபன் பையோடு போகிறவர்கள் நின்று பார்த்ததை நான் பார்த்தேன். 2019-இல் கலைஞர் புஷ்பமாலா பொறுப்பேற்று நடத்தியபோது, பல்கலைக்கழக செனட் ஹவுஸுக்கு உங்களைக் கூப்பிட்டேன். "நமக்கு எதுக்கும்மா" என்றீர்கள். உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்தீர்களோ என்று எனக்கு அப்போது தோன்றியது. கேட்கத் தயக்கமாக இருந்தது.

யாரைப் பற்றிய படமோ அவர்கள் வந்து பார்க்கிற இடத்தில் அது இருக்க வேண்டும். அவர்கள் "இது சரியில்லை" என்றும் சொல்ல வேண்டும். இதை நான் இங்கே வந்துதான் உறுதியாக உணர்ந்தேன். நம்மூரில் பழனிகுமார் என்று ஒருவர் இருக்கிறார், மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களின் வீடுகளுக்குப் போய் அந்தக் குடும்பங்களைப் படம் எடுத்தார். வியாசர்பாடிப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, உங்கள் தெருவை நீங்களே எடுங்கள் என்று கற்றுத்தந்தார். வடசென்னை என்றாலே சினிமாவில் கத்தியும் ரவுடியும்தான். அந்தப் பிள்ளைகள் அப்படியா எடுப்பார்கள்?

அதனால் ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். ஓய்வு பெற்றவர்கள் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிப்போங்கள். உங்கள் கேங் ஆட்கள் எல்லோரையும் அவன் போனில் எடுக்கட்டும். யார் எந்த டாக்கில் வேலை செய்தார், எந்த ஆண்டு வெளியே வந்தார் என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும். வீட்டில் யாரிடமாவது பழைய படம் இருந்தால் அதையும் கேளுங்கள்.

அடுத்த டாக்குமென்டா 2027 ஜூனில் தொடங்குகிறது. நீங்களும் அம்மாவும் வந்தே ஆக வேண்டும். டிக்கெட் என் பொறுப்பு. உங்கள் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் புதிதாக எடுக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழையோடு இருப்பதை முதலில் சரி செய்யச் சொல்லி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவன் மறந்திருப்பான், ஞாபகப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்