அண்ணன் பார்த்தது என்ன என்று சொல்லிவிடுங்கள்

பறக்கும் தட்டு ஆய்வுக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். முட்டம் கடற்கரைக்குக் கேமராவும் திசைகாட்டியுமாக வந்துபோனீர்களே, நினைவிருக்கும். விடியற்காலை வள்ளத்தில் இருந்தபோது வானத்தில் விளக்குகள் வரிசையாகப் போனதைப் பார்த்தவர் என் அண்ணன். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டீர்கள். குடித்திருந்தீர்களா என்றுகூடக் கேட்டீர்கள். அவர் கோபப்படவில்லை, நாலு பக்கப் படிவத்தில் கையெழுத்தும் போட்டுத் தந்தார். ஒரு மாதத்தில் முடிவு சொல்வதாகச் சொன்னீர்கள். எட்டு மாதம் ஆகிறது.

முடிவு வரவில்லை, வீடியோ வந்துவிட்டது. அண்ணன் முகம், மேலே கொட்டை எழுத்தில் "குமரிக் கடலில் வேற்றுகிரகவாசிகளா?" அன்றிலிருந்து கரையில் அவர் பெயர் 'தட்டு'. மீனை இறக்கினால், "இது கடல் மீனா, மேலேருந்து வந்ததா?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. முப்பது வருடமாக வெள்ளியும் மலையும் பார்த்துத் திசை சொன்ன மனிதர், இப்போது ஏலத்துக்கு மகனை அனுப்பிவிட்டு வலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி குடிக்கிறார்.

இணைய வசதிக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைக் கொத்தாக ஏவுகிறார்கள். ஏவிய சில நாட்களுக்கு அவை சரம் கோத்ததுபோல் நகரும். நமக்கு இருட்டாக இருந்தாலும் அந்த உயரத்தில் வெயில் படுவதால், விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் மின்னும். இது எனக்கே தெரிகிறது. தேதியும் நேரமும் உங்கள் படிவத்தில் இருக்கிறது. ஒத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆகுமா? அமெரிக்க விமானப்படை புளூ புக் என்ற பறக்கும் தட்டு ஆய்வுத் திட்டத்தில் 12,618 தகவல்களைப் பார்த்து, 1969-இல் அதை மூடியபோது 701-க்கு விளக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டது. நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுக்கு.

2017-இல் ஒக்கி புயல் அடித்த பிறகும் நோட்டும் பேனாவுமாக எத்தனையோ பேர் வந்தார்கள். எழுதிக்கொண்டு போனதை யாரும் எங்களிடம் திரும்பக் காட்டியதில்லை. வேற்றுகிரகவாசிகளே இறங்கினாலும் முதலில் ஒரு படிவத்தைத்தான் நீட்டுவார்கள் போல.

சரி, அந்தப் பழியெல்லாம் உங்கள் தலையில் வேண்டாம். தயவுசெய்து முடிவைச் சொல்லுங்கள். செயற்கைக்கோள் என்றால் செயற்கைக்கோள். தெரியவில்லை என்றால் அதையாவது எழுதித் தாருங்கள், தமிழில், ஒரே பக்கத்தில். வீடியோ போட்ட இடத்திலேயே அதையும் போடுங்கள். நேரில் வருவதானால் ஏலம் நடக்கும் நேரத்தில் வாருங்கள். நானே சத்தமாக வாசித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
'தட்டு'வின் தம்பி