பள்ளிக்கூடம் விட்ட பிறகு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவன் காலேஜ் இரண்டாம் வருஷம், சின்னவள் பிளஸ் ஒன். நீ சென்னையை விட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறாய் என்பது நான் ரொம்ப நாளாகக் கேட்க ஆசைப்பட்ட சேதி. ஆனால் கடிதத்தின் கடைசியில், மருமகனை ஆறாம் வகுப்புக்கு நம்ம பக்கம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா, பேப்பரில் வருவதையெல்லாம் பார்த்தால் பயமாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறாய். அதற்கு போனில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட மனசு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பயப்படுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பையனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புப் பையனை பஸ்ஸை மறித்து இறக்கி வெட்டினார்கள், கைவிரல்கள் துண்டாகிப் போயின. அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பைக்குள் அரிவாளை வைத்துக் கொண்டுவந்து வகுப்பிலேயே கூடப் படிக்கிறவனை வெட்ட, தடுக்கப் போன டீச்சருக்கும் வெட்டு. எல்லாம் நம்ம மண்ணில், நம்ம பிள்ளைகள்.

இதில் நாங்குநேரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசித்துப் பார். அந்தப் பையனைக் கூடப் படித்தவர்கள் ஜாதியைச் சொல்லித் தொந்தரவு பண்ணியிருக்கிறார்கள், அவன் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றுவிட்டான். ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூடம் விசாரித்தது, அவனும் வாயைத் திறந்து சொன்னான், புகார் எழுத்தாகவே போனது. பயப்படாமல் பெரியவர்களிடம் சொல்லு என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பதை அப்படியே அவன் செய்தான். அன்று ராத்திரியே வெட்டு விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தான், அது அவன் தைரியம், அதில் நமக்கு ஒரு பங்கும் கிடையாது. என்னைத் தூங்கவிடாதது அந்தப் பகலுக்கும் ராத்திரிக்கும் நடுவில் இருந்த நேரம்தான். சொல்லிவிட்ட பிள்ளை அன்றைக்கு எப்படி வீடு போய்ச் சேருவான், யார் பேர் வெளியே வரும், வந்தால் யார் அவன் பக்கத்தில் நிற்பார்கள் என்று பார்க்கிற வேலை யார் தலையிலும் இல்லை.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் இந்தப் பேச்சு வந்தால் உடனே ஒருவர், பிரம்பைப் பிடுங்கிவிட்டார்கள், அதனால்தான் பயல்கள் கெட்டுப் போனார்கள் என்பார். 2009 கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனசு நோகப் பேசுவதையும் தடை செய்திருக்கிறது, அது சரியான சட்டம் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். நம்ம டிரில் மாஸ்டர் கையில் பிரம்பு இல்லாமல் நீ பார்த்திருக்கிறாயா? அவர் காலத்திலும் வாய்க்கால் பாலத்தில் அடிதடி நடந்துகொண்டுதானே இருந்தது. பிரம்புக்குப் பயந்து கேட்டுக்குள் கையைக் கட்டி நின்றவன் கேட்டுக்கு வெளியே போய்த் தீர்த்துக்கொண்டான், அவ்வளவுதான்.

கையில் கட்டுகிற ஜாதிக் கயிறு விஷயமும் இதே மாதிரிதான். எந்தக் கலர் கயிறு எந்த ஜாதி என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். நாங்குநேரிக்குப் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் கயிறு, மோதிரம், நெற்றியில் வைக்கிற அடையாளம் எல்லாம் கூடாது, பள்ளிக்கூடத்தின் பேரில் ஜாதி இருக்கக் கூடாது என்று பல யோசனைகள். பெரும்பாலானவற்றுக்கு என் ஓட்டு உண்டு. ஆனால் காலையில் கேட்டில் அவிழ்க்கிற கயிறு பாக்கெட்டுக்குள் போகிறது, சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் திரும்பக் கைக்கு வந்துவிடுகிறது, ராத்திரி அதே கையோடு ஒரு ரீல்ஸ் போட்டு நூறு லைக் வாங்குகிறான். கட்டிவிடுகிறவர்கள் வீட்டிலும் தெருவிலும் இருக்கும்போது கேட்டில் நிற்கிற பி.இ.டி. சாரால் எவ்வளவு முடியும்?

கும்பகோணம் பள்ளிக்கூடத் தீ விபத்தை நினைத்துப் பார்க்கிறேன். 2004 ஜூலை 16, சமையல் கூடத்தில் பிடித்த தீயில் கூரை எரிந்து 94 பிள்ளைகள் போனார்கள். அதற்கப்புறம் கீற்றுக் கூரை கூடாது என்றார்கள், பள்ளிக்கூடங்களில் கூரையைப் பிரித்தார்கள். அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் உத்தரவு போட்டு எடுக்க முடிந்தது. இப்போது நாங்கள் பார்க்கிற ஆபத்துக்கு அப்படிப் பிரித்துப் போட ஒரு கூரை இல்லை.

போன வருஷம் என் வகுப்பில் ஒரு பையன். நாலேகாலுக்கு பெல் அடித்ததும் மற்றவன் எல்லாம் பஸ்ஸுக்கு ஓடுவான், இவன் மட்டும் குழாயடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே நிற்பான். கழுவியதையே திரும்பக் கழுவுவான். பஸ் போன பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே கிளம்புவான். நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன், கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. சில நாள் கழித்து அவனே சொன்னான். பஸ்ஸில் கடைசி சீட்டில் பெரிய பையன்கள், எந்தத் தெருடா நீ என்று கேட்பது, தங்கள் பையை எல்லாம் இவன் தலையில் கட்டுவது, சீட்டிலிருந்து எழுப்பிவிடுவது. மறுநாளே அந்தப் பையன்களைக் கூப்பிட்டு விசாரித்திருந்தால் யார் சொன்னது என்று அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அதனால் ஹெச்.எம்.மிடம் பேசி, நானும் பி.இ.டி. சாரும் மாற்றி மாற்றி அதே டவுன் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் நல்ல மனுஷன், சின்ன வகுப்புப் பிள்ளைகளை முன்பக்கம் உட்கார வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் எங்கள் கண்ணிலேயே பட்டது, நாங்கள் பார்த்ததாகவே வைத்து அந்தப் பெற்றோர்களிடம் தனித்தனியாகப் பேசினோம். ஒரு வீட்டில் அப்பா சண்டைக்கு வந்தார், மற்ற வீடுகளில் காது கொடுத்துக் கேட்டார்கள். பையன் இப்போது பஸ்ஸில்தான் போகிறான்.

'மாணவர் மனசு' என்று ஒரு புகார்ப் பெட்டி அரசுப் பள்ளிகளில் வைத்திருக்கிறார்கள், கேள்விப்பட்டிருப்பாய். நல்ல ஏற்பாடு, ஆனால் எங்கள் பள்ளியில் முதலில் அது ஆபீஸ் வாசலில் இருந்தது, நூறு கண்ணுக்கு முன்னால் எந்தப் பிள்ளை சீட்டு போடும்? மாடிப்படி திருப்பத்துக்கு மாற்றினோம், அதற்கப்புறம்தான் சீட்டு விழ ஆரம்பித்தது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் மருமகனுக்கு மனப்பாடம் பண்ண வைத்துவிடு, எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் சரி.

அதனால் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம் என்பேன். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போகும்போது எத்தனை கேமரா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதே. ஒரு பையன் தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் யார் போன் பண்ணுவார்கள் என்று கேள். சாயங்காலம் கேட்டில் யார் நிற்பார்கள் என்று கேள். முடிந்தால் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார், பிரின்சிபால் ரூமில் தெரியாதது அங்கே தெரியும். மே மாதம் வருகிறாய் இல்லையா, அதற்கு முன்னாலேயே ஒரு வேலை நாளில் வந்துவிட்டுப் போ, நானும் லீவ் போட்டுக்கொண்டு கூட வருகிறேன். டிக்கெட் போட்டதும் சொல்லு, ஜங்ஷனுக்கு வண்டியோடு வருகிறேன். தங்கச்சியையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை