நில அங்கீகார உரை வாசிக்கும் நம் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவிலுள்ள தமிழ்ச் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் அமைப்புகள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஆகியவற்றின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

உங்கள் விழாக்களில் மங்கல விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்திய பின், இந்த நிலத்தின் பழங்குடி மக்களை நினைவுகூரும் நில அங்கீகார உரையை ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்கிறார்: மிசிசாகா, அனிஷினாபே, சிப்பெவா, ஹோடனோஷோனி, வென்டாட். அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. உச்சரிப்பில் தடுமாறுவதை நான் குறை சொல்லவில்லை. இவர்களெல்லாம் ஒரே மக்கள் என்பது போல அந்தப் பெயர்கள் காதைக் கடந்து போய்விடுகின்றனவே, அதுதான் என் மனத்தாங்கல்.

இறொக்குவா என்று பலரும் சொல்லும் ஹோடனோஷோனிகளின் தாயகம் ஒன்ராறியோ ஏரிக்குத் தெற்கே, இன்றைய நியூயோர்க் மாநிலத்தில் இருந்தது. மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா என ஐந்து தேசங்களின் கூட்டமைப்பு. 1722 அளவில் டஸ்கரோராவும் சேர்ந்து ஆறானது. ஏரிக்கு வடக்கே, நாம் குடியிருக்கும் இந்தப் பக்கத்தில், வென்டாட் மக்களின் முன்னோர் வாழ்ந்தார்கள். இரு தரப்பின் மொழிகளும் ஒரே குடும்பம். இருவருமே சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு, நீண்ட வீடுகளில் தாய்வழிக் குடிகளாக வாழ்ந்தவர்கள். ஆனாலும் பங்காளிப் பகை.

லோரன்ஸ் – பெல்லமி சந்திக்கு அருகே, வீடுகளுக்கு நடுவே ஒரு புல்மேடு இருக்கிறது. டேபர் ஹில் என்று பெயர். நம்மில் எத்தனையோ பேர் அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறோம். 1956இல் மண் அள்ளும் இயந்திரம் அதைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிவந்தன. அது ஒரு கூட்டுப் புதைகுழி. மண் வளம் குன்றி ஊர் இடம்பெயரும்போது வென்டாட் மக்கள், முன்பு அடக்கம் செய்த தங்கள் உறவினரைத் தோண்டியெடுப்பார்கள்; எலும்புகளைச் சுத்தம் செய்து, பீவர் தோலில் பொதிந்து, தோளில் சுமந்து வருவார்கள்; பல நாள் விருந்துக்குப் பின் எல்லோரையும் ஒரே குழியில் ஒன்றாக இடுவார்கள். ஈழத்தில் மாவீரர் துயிலும் இல்லங்கள் உழப்பட்டதைப் பார்த்த நமக்கு அந்த மேட்டின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகளை அங்கே யார் கூட்டிப் போனது?

பகை எப்படி முற்றியது என்பதையும் சொல்லுங்கள். 1609இல் பிரெஞ்சுக்காரரான ஷம்பிளேன் வென்டாட் பக்கம் நின்று மோஹாக்குகள் மீது துப்பாக்கியால் சுட்டார். பிறகு மோஹாக்குகளுக்கு டச்சுக்காரர் வழியாகத் துப்பாக்கி கிடைத்தது. 1630களில் பெரியம்மை உள்ளிட்ட கொள்ளைநோய் வென்டாட் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொன்றது. ஹோடனோஷோனிகளையும் அது விடவில்லை. இறந்தவர்களின் இடத்தை நிரப்ப எதிரிகளைச் சிறைபிடித்துத் தத்தெடுப்பது அவர்கள் வழக்கம். 1649இல் வென்டாட் நாடு சிதறியது. ஒரு பகுதியினர் கியூபெக் போனார்கள், இன்னொரு பகுதியினர் மேற்கே போனார்கள். பலர், தங்களைத் தோற்கடித்தவர்களின் வீடுகளிலேயே பிள்ளைகளானார்கள்.

அதன் பின்னர்தான் செனெகாக்கள் ஏரியைக் கடந்து வந்து, நம் ரூஜ் ஆற்றங்கரையில் ஊர் அமைத்தார்கள். 1680களின் முடிவில் அதுவும் கைவிடப்பட, வடக்கிலிருந்து அனிஷினாபே மக்களில் ஒரு பிரிவினரான மிசிசாகாக்கள் வந்தார்கள். ஹோடனோஷோனிகளுக்கும் அனிஷினாபே மக்களுக்கும் இடையில் ஓர் உடன்படிக்கை உண்டு: வேட்டைக்காடு ஒரே பாத்திரம், அதற்கு ஒரே கரண்டி, பக்கத்தில் கத்தி கூடாது. தேவைக்கு மட்டும் எடுத்து, அடுத்தவருக்கு மிச்சம் வைக்க வேண்டும். இதைப் பள்ளியில் ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாமே!

ஆகவே என் வேண்டுகோள் இது. அந்தத் தாளை ஒரு தடவையாவது கீழே வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் இந்தக் கதையைத் தமிழில் சொல்லுங்கள். சனிக்கிழமை வகுப்பு ஒன்றை டேபர் ஹில்லில் நடத்துங்கள். கோடையில் ஒரு பஸ் பிடித்து பிரான்ட்ஃபோர்ட் போங்கள். 1970 வரை பழங்குடிப் பிள்ளைகளை அடைத்து வைத்த மோஹாக் உறைவிடப் பள்ளிக் கட்டடம் அங்கே இருக்கிறது. அந்த வளாகத்தில்தான் வுட்லண்ட் பண்பாட்டு மையம் இயங்குகிறது. கிராண்ட் ஆற்றங்கரையின் ஆறு தேசத்தவர் பக்கத்திலேயே வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவரை உங்கள் மேடைக்கு அழையுங்கள். நம் கலைஞர்களுக்குக் கொடுப்பது போலவே சன்மானமும் கொடுங்கள்.

ஜூன் 21 தேசிய பழங்குடி மக்கள் தினம். அதற்கு முன் உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்து முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவில் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தமிழ்ப் பெற்றோர்