பேக்கரி மாஸ்டருக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

கடைக்குச் சுட்டு வைத்திருந்த ராகி பிஸ்கட் அந்த ஐப்பசி மழை ராத்திரியில் நமத்துப்போனது உங்களுக்கெல்லாம் தெரியும். போன் பண்ணி விசாரிக்காதவர்களே இல்லை. அதனால் அதை விரிவாக எழுதவில்லை. கடை போட்டாயிற்று. ராகி பிஸ்கட் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது, பனியன் துணிக் கால்மிதியில் ஒன்றிரண்டுதான் மிச்சம். படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டோம்.

முதல் நன்றி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பேக்கரி மாஸ்டருக்கு. பேரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் காலி டின்தான் கேட்டோம். அவர் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தார். "நமத்துத்தானுங்க போச்சு அம்மணி, கெட்டா போச்சு? தட்டத்தைக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு, பூட்டப் போன அடுப்பறையைத் திறந்தார்.

அவருடையது செங்கல் அடுப்பு. பன் வேலை முடிந்து விறகை இழுத்த பிறகும் மணிக்கணக்கில் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இறங்குசூட்டில்தான் ரஸ்க் உலர்த்துவார்கள். பிஸ்கட்டையும் அதே மாதிரி உலர்த்தச் சொன்னார். தட்டத்தில் ஒரே அடுக்கு, ஒன்றோடொன்று ஒட்டாமல், அடுப்புக் கதவு ஒரு விரல் அளவு திறந்தபடி. கதவைச் சாத்தினால் வெளியேறுகிற ஈரம் உள்ளேயே சுற்றித் திரும்ப பிஸ்கட்டில் உட்காரும். வீட்டு ஓடிஜியில் (சின்ன மின்சார அடுப்பு) செய்கிறவர்களுக்கு 120 முதல் 130 டிகிரி, கீழ்க் கம்பி மட்டும், 10 முதல் 12 நிமிடம். அவசரப்பட்டு 160-க்கு ஏற்றினால் உள்ளே உலர்வதற்குள் நாட்டுச் சர்க்கரை ஓரத்தில் கருகிக் கசக்கும். எடுத்தவுடன் மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும். அதனால் சூட்டில் கடித்துப் பார்த்துவிட்டுப் பயந்து மறுபடி உள்ளே தள்ளக் கூடாது.

ஆறுவது என்றால் கம்பித் தட்டில், அடியிலும் காற்றுப் போகிற மாதிரி, குறைந்தது முக்கால் மணி நேரம். விரலுக்குச் சூடு தெரியாத பிஸ்கட்டை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்கச் சொன்னார். அங்கே வெதுவெதுப்பு தெரிந்தால் டின்னுக்குள் போகக் கூடாது. அந்த வெதுவெதுப்பு போதும், மூடிக்கு அடியில் வியர்த்துவிடும்.

அடுப்பை விட்டதோடு நிறுத்தாமல் காரணத்தையும் சொன்னார். அதுதான் பெரிய உபகாரம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு. ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை வெள்ளைச் சர்க்கரையைவிட வேகமாக இழுக்கும். மழைக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பொடித்த வெள்ளைச் சர்க்கரையாக மாற்றச் சொல்கிறார். ஊத்துக்குளி வெண்ணெயை மோர்த்தண்ணீர் பிரிகிற வரை பிசைந்து, வடித்துவிட்டு எடை போட வேண்டும். பிஸ்கட்டின் கனம் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடுவில் ஈரம் தங்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஓரத்துக்குப் பரவும். சாயங்காலம் மடக்கென்று ஒடிகிற பிஸ்கட் விடியும்போது வளைவது இதனால்தான். அவர் சொன்னபடி திருத்திய அளவு: ராகி மாவு 250 கிராம், கோதுமை மாவு 250, வெண்ணெய் 250, நாட்டுச் சர்க்கரை 150, பொடித்த சர்க்கரை 75, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய். ராகி தனியாக நிற்காது, உதிரும்; கோதுமையைக் குறைக்க வேண்டாம்.

காசு கொடுத்தபோது வாங்கவில்லை. "விறகு நேத்தே எரிஞ்சு போச்சுங்க" என்றார்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். கால்மிதிக்காகத் திருப்பூரிலிருந்து கட்டிங் வேஸ்ட்டை (வெட்டி மிஞ்சிய பனியன் துணி) நிறம் பிரித்து மூட்டை கட்டி அனுப்பிய அண்ணன், உள்ளே ஒற்றைப் பின்னலான சிங்கிள் ஜெர்சி மட்டும் வைத்திருந்தார். குறுக்காக ஒரு அங்குலம் வெட்டி இழுத்தால் ஓரம் சுருண்டு கயிறாவது அதுதான். இரட்டைப் பின்னலான ரிப்பும் இன்டர்லாக்கும் தட்டையாகவே கிடக்கும். தையல் விட்டுவிட்டுப் போனபோது முனை உருண்ட பால்பாயின்ட் ஊசியை மாட்டிக் கொடுத்த டெய்லர் அக்கா, மேசைக்குப் பவானி ஜமுக்காளம் கொடுத்தவர்கள், பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாகச் சில்லறை தந்த பக்கத்துக் கடைக் கீரைக்காரம்மா, எல்லோருக்கும் நன்றிங்க. லேபிளைச் சரிபார்த்த தம்பி மட்டும் இல்லையென்றால், முட்டை போட்ட பிளம் கேக்கில் சைவக் குறியான பச்சைப் புள்ளி போயிருக்கும். முட்டை சேர்ந்தால் அசைவக் குறியான பழுப்பு முக்கோணம்தான். பொருட்களின் பெயரை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தியதும் அவன்தான்.

மழைநாளில் கடை போடுகிறவர்களுக்கு இன்னொன்று: எல்லா டின்னையும் ஒரே நேரத்தில் திறந்து அழகுபடுத்த வேண்டாம். ஒன்று தீர்ந்த பிறகு அடுத்தது. பார்வைக்கு ஒரு தட்டு போதும், அதிலுள்ளதை விற்கவும் வேண்டாம், ருசி பார்க்கக் கொடுத்துவிடலாம்.

மாஸ்டருக்குத் திருப்பிக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். நம் பக்கத்தில் யார் முதல்முறை கடை போட்டாலும் எங்கள் டின்கள், சீலிங் மிஷின், தராசு மூன்றும் இலவசம். முந்தின நாள் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம். தராசை எடுக்கிறவர்கள் புது பேட்டரி வாங்கிப் போட்டுக்கொள்ளவும். அது தீரப் போகிறபோது பத்துப் பதினைந்து கிராம் கூடக் காட்டுகிறது.