ஞாயிறு நடை: பெனிக்ளோடியாய் குன்று

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு வடக்கு வேல்ஸில் க்ளூயிடியன் மலைத்தொடருக்குப் போகலாம். பக்கத்து மோயெல் ஃபமா குன்றில் எப்போதும் கூட்டம், அதனால் பெனிக்ளோடியாய். உயரம் 440 மீட்டர்தான், ஆனால் உச்சியைச் சுற்றி இரும்புக் காலக் கோட்டையின் மண்கரைகள் இன்னும் நிற்கின்றன. வேல்ஸின் மிகப் பெரிய குன்றுக்கோட்டைகளில் ஒன்று அது, ஆஃபாஸ் டைக் நடைபாதை அதன் நடுவே போகிறது.

ஆகஸ்ட் கடைசியில் ஹீதர் என்ற குறுஞ்செடி பூத்துக் குன்றே ஊதாவாகிவிடும், குனிந்து ஒரு கிளையைப் பாருங்கள், அரிசிமணி அளவுப் பூக்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும், கால்சட்டை உரசினால் மகரந்தம் புகைபோலக் கிளம்பும், தேனீக்களின் ரீங்காரத்தைத் தவிர வேறு சத்தமே கேட்காது. எனக்கு அந்த அமைதிதான் ரொம்பப் பிடிக்கும்.

சரி, காலை 9 மணிக்கு லாங்குயிவன் கார் நிறுத்துமிடத்தில் சந்திப்போம். மேலே மரமே இல்லை, காற்று பலமாக அடிக்கும், மழைக்கோட்டு கட்டாயம். பாதையை விட்டு ஹீதருக்குள் இறங்க வேண்டாம், கருங்குரௌஸ் பறவைகள் அதை நம்பி வாழ்கின்றன. நாய் கூட்டி வருபவர்கள் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், வருகிறவர்கள் வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள், காரில் இடம் பிரிக்க வேண்டும்.