மடியில் ஏந்திய குழந்தையும் ஈஸ்டர் நெடுஞ்சாலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைக்குழந்தைகளுடன் வெளியூர் செல்லும் குடும்பங்களுக்காகத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாற்று உடுப்பு, கொதித்து ஆறிய நீர், காய்ச்சல் மருந்து, விளையாட்டுச் சாமான் என்று எல்லாவற்றையும் நினைவூட்டிய அக்கட்டுரை, காருக்குள் குழந்தை எங்கே, எப்படி அமர்ந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரியும் சொல்லாமல் விட்டது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஜொகனஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் மகன் குடும்பத்துடன் வசிக்கும் ஒரு பாட்டி நான். இதை எழுதும் கடமை எனக்கு உண்டு என்று கருதுவதற்கான காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்டர் விடுமுறை வந்தால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பல, டர்பனை அடுத்த இசிப்பிங்கோ ரயில் என்ற ஊரிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் புறப்படும். அம்மனுக்குக் கஞ்சி காய்ச்சிப் படைப்பதும், அந்த ஆண்டில் பிறந்த பிள்ளையைச் சன்னிதியில் கிடத்தி எடுப்பதும் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். இங்கிருந்து டர்பன் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். என்-3 நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டினாலும் ஆறு மணி நேரம் ஆகும். அந்த நான்கு நாட்களில் நாட்டின் பாதி வண்டிகளும் அதே சாலையில்தான் ஓடுகின்றனவோ என்று தோன்றும். டிசம்பர் விடுமுறையைப் போலவே ஈஸ்டர் நாட்களிலும் சாலை மரணங்களின் எண்ணிக்கையை அரசு ஒவ்வோர் ஆண்டும் தனியாகவே அறிவிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் புனித வெள்ளியன்று விடியற்காலை மூன்று மணிக்கு நாங்களும் அப்படித்தான் புறப்பட்டோம். பேரனுக்கு அப்போது பதினான்கு மாதம். அவன் பிறந்தபோதே வாங்கிய கார் சீட், அதாவது குழந்தையை வாரால் கட்டி அமர்த்தும் தனி இருக்கை, வீட்டில் இருந்தது. ஆனால் கஞ்சிப் பானையும் அரிசி மூட்டையும் டிக்கியில் அடங்காமல் பின்னிருக்கையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டதால், கார் சீட்டைப் பிளாஸ்டிக் உறையோடு கராஜில் வைத்துவிட்டு வந்தோம். "என் மடியில் இருந்தால் நன்றாகத் தூங்குவான்" என்று சொன்னவள் நான்தான். ஹாரிஸ்மித்தைத் தாண்டி வேன் ரீனன் கணவாயில் இறங்கும்போது மூடுபனி. லாரி ஒன்றின் சிவப்பு விளக்கு திடீரென்று கண்ணெதிரே தெரிய, மகன் பிரேக்கை அழுத்தினான். வண்டி எதன்மீதும் மோதவில்லை. ஆனால் நான் இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டிருந்த குழந்தை, சோப்பு நுரையில் நனைந்த பாத்திரம் நழுவுவதைப் போல நழுவி, இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே பாய்ந்து கியர் கம்பியில் முகம் மோதி விழுந்தான். இடது புருவத்தில் நான்கு தையல். இன்றும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. ஒவ்வொரு முறை அவனுக்குத் தலை சீவும்போதும் என் விரல் அங்கே போய் நின்றுவிடுகிறது.

மோதாமல் பிரேக் மட்டும் போட்டதற்கே இந்த நிலை என்றால், மோதினால் என்னவாகும் என்பதை மகன் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன்மீதாவது மோதி ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த 170 கிலோ சுமையைத் தாங்கும் வலு கைகளில் இருக்க வேண்டும். அதாவது மூன்று சிமெண்ட் மூட்டைகளுக்கும் அதிகமான சுமையை, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு பெண், கண் இமைக்கும் நேரத்தில் தாங்கியாக வேண்டும். தாயின் அன்போ பாட்டியின் கவனமோ இந்தக் கணக்கை மாற்றாது. மடியிலிருக்கும் குழந்தையையும் சேர்த்துத் தன் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்வது அதைவிடக் கொடியது. பெரியவரின் உடல் எடை முழுவதும் முன்னோக்கி வந்து, பெல்ட்டுக்கும் தனக்கும் இடையே பிள்ளையை நசுக்கிவிடும்.

இந்த நாட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைக் காரில் அதற்குரிய இருக்கையில்தான் அமர்த்த வேண்டும் என்ற விதி 2015 முதல் நடப்பில் உள்ளது. இந்தியாவிலும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஆகவே சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. இங்கே வாடகைக்கு ஓடும் மினிபஸ் டாக்சிகளுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு அளித்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. கார் இல்லாத ஏழைத் தாயின் பிள்ளைக்கும் எலும்பு அதே எலும்புதானே.

"கட்டி வைத்தால் பிள்ளை அழுகிறது" என்பதே எங்கள் வீடுகளில் எப்போதும் கேட்கும் பேச்சு. அழத்தான் செய்யும். ஆறு மணி நேரப் பயணத்தன்று முதன்முறையாக உட்கார வைத்தால் எந்தக் குழந்தையும் அழும். கடைக்கும் பள்ளிக்கும் போகும் பத்து நிமிடப் பயணங்களிலேயே பழக்கிவிட்டால், அதுவே தன் இடம் என்று குழந்தை ஏற்றுக்கொள்ளும் என்பதை நாங்கள் இரண்டே வாரங்களில் கண்டோம். நெடும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை ஓரங்கட்டி, குழந்தையை வெளியே எடுத்து, பால் கொடுத்து, சற்று நடக்கவிட வேண்டும். ஓடும் வண்டியில் பால் கொடுப்பதற்காக வாரை அவிழ்ப்பதுதான் நல்ல பழக்கமுள்ள குடும்பங்களும் செய்யும் தவறு. பெட்ரோல் நிலையம் இன்னும் இருபது கிலோமீட்டரில் வரும் என்றால் அதுவரை குழந்தை அழட்டும். அந்த அழுகையால் ஒன்றும் ஆகிவிடாது.

இருக்கையைப் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். சிறு குழந்தையின் தலை பெரிது, கழுத்து மெலிது. ஆகவே அந்த இருக்கை அனுமதிக்கும் எடையும் உயரமும் நிரம்பும் வரை, குழந்தை வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி அமர்வதே நல்லது. கால் மடங்குகிறதே என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். சம்மணமிட்டு உட்கார்வது நம் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? அப்படிப் பின்னோக்கி வைக்கும் இருக்கையை, ஏர்பேக் (மோதலின்போது வேகமாக விரியும் காற்றுப்பை) இயங்கும் முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஜூன், ஜூலையில் இங்கே அடிக்கும் குளிரில் பஞ்சு அடைத்த கோட்டைப் போட்டு, அதன்மேல் வாரை மாட்டுகிறார்கள். மோதலின்போது கோட்டு அமுங்கி வார் தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றி வாரை இறுக்கிய பிறகு போர்வையை மேலே போர்த்தினால் போதும்.

விலை அதிகம் என்பது உண்மையான குறைதான். ஜொகனஸ்பர்க்கில் வீல் வெல் என்ற தொண்டு நிறுவனம் பயன்படுத்திய கார் சீட்டுகளைப் பெற்று, தேவைப்படும் குடும்பங்களுக்கு வழங்கிவருகிறது. பிள்ளை வளர்ந்த வீடுகளில் தூசி படிந்து கிடக்கும், விபத்தில் சிக்காத நல்ல இருக்கைகளை நம் கோயில் சங்கங்களும் இதுபோலச் சேர்த்துக் கைமாற்றிவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து பேரப்பிள்ளைகளுடன் வரும் உறவினர்கள், வாடகைக் காரைப் பதிவு செய்யும்போதே குழந்தை இருக்கையையும் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகு கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

தங்களிடம் நான் வேண்டுவது, திருவிழாப் பயணங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தச் செய்தியை முதலில் வையுங்கள் என்பதே. காரின் முன்னிருக்கையில் தாத்தாவின் மடியில் சிரிக்கும் குழந்தையின் படத்தை அழகு கருதி வெளியிடுவதையும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் என்னைப் போன்றவர்கள் அது சரியென்று நினைத்துவிடுகிறோம்.

பேத்திக்கு இப்போது ஐந்து மாதம். வரும் ஈஸ்டருக்கு அவளை அம்மன் சன்னிதியில் கிடத்த இருக்கிறோம். அவளுடைய இருக்கையைச் செவ்வாய்க்கிழமையே மகன் பொருத்திவிட்டான். நான் பக்கத்தில் நின்று, அது அசைகிறதா என்று இரண்டு கைகளாலும் ஆட்டிப் பார்த்தேன். கஞ்சிப் பானை என் தம்பியின் வண்டியில் வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
லெனேசியா, தென்னாப்பிரிக்கா